ஆறு மீற்றர்

ஆறு மீற்றர் வேணும்.
குருநகரில் அந்தப் பள்ளிக்கூடத்து வகுப்பறை
நாலரைதான்.
ஆகவே விறாந்தை.
அளவுநாடா விரித்து, சோக்கால் ஒரு கோடு கீறி,
கோட்டுக்குப் பின்னால்
நாற்பத்தொரு பிள்ளைகள்.
சப்பாத்து, செருப்பு, ஒரு சோடி வெறுங்கால்.

மற்ற முனையில் என் அட்டை.
மூன்று பல்லு முள்ளுக்கரண்டி போல ஒரே எழுத்து,
வரி வரியாகச் சிறுத்துக்கொண்டு போகும்.
பல்லு எந்தப் பக்கமென்று
கையால் காட்டினால் போதும்.
வாசிக்கத் தெரியத் தேவையில்லை.
புள்ளி இல்லை, பெயில் இல்லை என்று
மூன்று தரம் சொன்னேன்.
ஒருவரும் நம்பவில்லை.
சேட்டுப் பையில் பேனை குத்திய ஆள்
வரிசையில் விட்டுக் கேள்வி கேட்டால்
அது சோதனைதான்.

ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னால்
விரலை விரித்துப் பொத்துகிறார்கள்.
பிளாஸ்ரிக் கரண்டி கொடுத்தேன்.
"ஐஸ்கிறீம் எப்ப சேர்?" என்றான் ஒரு பொடியன்.
அவனுக்கு இரண்டு கண்ணும் கடைசி வரி வரை சுத்தம்.

இருபத்தேழாவது பிள்ளை போன கையோடு
கடற்காற்று செலோரேப்பைக் கிழித்து
அட்டையைத் தண்ணீர்த்தொட்டிக்குள் போட்டது.
பையில் இன்னொன்று இருந்தது.
அதே எழுத்து, அதே அளவு,
ஒழுங்கு மட்டும் வேறை.
ஒட்டினேன்.

டிலுக்சிகா. நாலாம் வகுப்பு.
பெருவிரலைக் கோட்டில் பொருத்தி நின்றாள்.
நான் தடியை வைக்க முன்னமே
கை தொடங்கிவிட்டது:
வலம், மேல், இடம், இடம், கீழ்.
செபமாலை உருட்டுகிற வேகம்.
கடைசி வரியையும் முடித்துக்
கையைக் கட்டிக்கொண்டாள்.

எல்லாம் சரி,
தொட்டிக்குள் கிடந்த அட்டைக்கு.

இருபத்தேழு பேர் கையாட்டியதைப்
பின்னால் நின்று பாடமாக்கியிருக்கிறாள்.
கரும்பலகையையும் இப்படித்தான்,
பக்கத்துப் பிள்ளையின் கொப்பியிலிருந்து,
ரீச்சரின் வாயிலிருந்து.
வகுப்பில் ஐந்தாம் பிள்ளை.

"கிட்ட வா" என்றேன்.
வந்தாள். இன்னும். இன்னும்.
ஒன்றரை மீற்றரில் நின்று
"இது வேறை அட்டை" என்றாள், ஏமாற்றப்பட்டவள் போல.
"தெரியேல்லை எண்டு ஏன் பிள்ளை சொல்லேல்லை?"
யோசித்தாள்.
"ராவிலை வள்ளத்து லைற்றெல்லாம்
பூ மாதிரி விரிஞ்சு
ஒண்டோடை ஒண்டு முட்டிக்கொண்டு நிக்கும்.
எல்லாருக்கும் அப்பிடித்தானே சேர்?"

என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஆறின்கீழ் அறுபது என்று எழுதினேன்.

தாய் வந்தா, நண்டு உடைக்கிற இடத்திலிருந்து நேரே.
"பொம்பிளைப் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால்..."
மிச்சத்தை விட்டுவிட்டா.
பெரியாஸ்பத்திரிக் கிளினிக் செவ்வாய்க்கிழமை.
செவ்வாய் போனால் ஒரு நாள் கூலி போகும்,
அதையும் அவ சொல்லவில்லை.
ஈரக் கையைச் சட்டையில் துடைத்து
கடிதத்தின் ஓரத்தை மட்டும் பிடித்தா.

ஏழு கிழமை கழித்துக் கண்ணாடிகளோடு போனேன்.
அவள் தெரிந்தெடுத்தது நாவல்பழ நிறம்.
மரத்தில் இலை தனித்தனியாய் இருக்கென்று
எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள்.
அதற்குக் காத்து நின்றேன்.
அவள் மரத்தைப் பார்க்கவேயில்லை.
"சேர், உங்கடை ரெண்டாவது பொத்தான் வேறை நிறம்.
கறுப்பு நூலாலை தைச்சிருக்கு."

நாலு வருசமாக
எனக்கு மட்டும் தெரிந்த பொத்தான் அது.

கடிதம் ஒன்பது கொடுத்தேன்.
கண்ணாடி நாலு.
மிச்ச ஐந்து பெயரையும் விறாந்தையில் நின்று வாசித்தேன்.
இருவர் வரவில்லை.
இருவர் குனிந்தபடி, செவ்வாய்க்கிழமை என்றார்கள்,
வேறொன்றும் இல்லை.
கடைசிப் பெயர் அன்ரோ றெமின்சன்.
விறாந்தையின் அந்தத் தொங்கலில் எழும்பி
"ஓம் சேர்" என்று உரத்துச் சொல்லி,
நான் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் வலப்பக்கமாகப் பார்த்து
நன்றாகச் சிரித்தான்.